வாய்தாவுக்குப் போக பஸ் காசு

எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் பிள்ளை எழுதியது. அவளுடைய அம்மா ஒரு வன்கொடுமை வழக்குக்காக அலைந்த செலவுக் கணக்கு அது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி. அதன் கீழே இப்படி வரிகள்:

பஸ், அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும். டீ, பன். ஜெராக்ஸ். பாத்ரூம் இரண்டு தடவை. அம்மா கூலி போச்சு. சின்னம்மா கூலி நாங்க கொடுத்தோம். ஆடு மேய்க்கப் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு. கடைசி வரியில் ஒரே சொல்: வாய்தா.

பதினொரு பக்கங்கள் இப்படி இருக்கின்றன. பன்னிரண்டாவது பக்கத்திலிருந்து ஒன்றும் எழுதவில்லை.

இந்த நோட்டை எங்களிடம் கொடுத்தபோது அந்தப் பிள்ளை எதுவும் சொல்லவில்லை. நாங்கள்தான் அதற்கு முன்பு நிறையப் பேசியிருந்தோம். அவளுடைய அம்மாவைப் பற்றி, அம்மா இல்லாதபோது, பேசக் கூடாததெல்லாம் பேசியிருந்தோம். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அக்கா மல்லாட்டை பிடுங்கப் போன நிலத்தில் மூன்று வாரக் கூலி பாக்கி. கேட்கப் போனவரை நிலத்துக்காரர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். கூட வேலை செய்தவர்கள் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே அக்கா புகார் கொடுக்கப் போனார். "விசாரிக்கிறோம், போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, மல்லாட்டையைத் திருடினாள் என்று ஓர் எதிர்ப் புகார் வந்தது. நாங்கள் மனு மேல் மனு போட்ட பிறகு, பன்னிரண்டாம் நாள் முதல் தகவல் அறிக்கை பதிவானது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை எதுவும் தேவையில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பதிய வைத்தோம். பெரிய வெற்றி என்று நினைத்தோம். செஞ்சிக் கூட்டு ரோட்டில் டீ வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அதன் பிறகு நாங்கள் வேறு வேறு வழக்குகளுக்குப் போய்விட்டோம். அக்கா வாய்தாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பதினொரு முறை போனார். கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறி, "எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டார். வன்கொடுமை வழக்கில் சட்டப்படி சமரசத்துக்கு இடமில்லை. அதனால் சமரசம் இந்த உருவத்தில்தான் வரும். புகார் கொடுத்தவரே பிறழ் சாட்சியாகிவிடுவார்.

எங்களில் ஒருவர், "விலை போயிட்டாங்க" என்றார். மற்றவர்கள் மறுக்கவில்லை. எல்லோருமே அதைத்தான் நினைத்தோம். அக்காவைப் பார்க்கப் போனபோது அவர் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "போதும் தம்பி. என்னால இனிமே அலைய முடியாது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வெளியே வரும்போதுதான் பிள்ளை ஓடி வந்து நோட்டைக் கையில் திணித்தது.

அதை அன்றிரவு படித்தோம். கூட்டிப் பார்த்தோம். அக்காவின் கூலியைக் கணக்கில் எடுத்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த வீடு ஏறக்குறைய மூன்று நாள் வருமானத்தை இழந்திருக்கிறது. ஒன்று அக்காவின் நாள். இன்னொன்று துணைக்கு வந்த சின்னம்மாவின் நாள். மூன்றாவது பேருந்து, சாப்பாடு, இதர செலவு. தனியாகப் போக முடியாது. எதிராளியின் ஆட்கள் நீதிமன்ற வாசலில் நாலைந்து பேராக நிற்பார்கள். கழிவறைக்கு இரண்டு முறை காசு கொடுத்த கணக்கு முதல் மூன்று பக்கங்களில்தான் இருக்கிறது. பிறகு இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க அக்கா பழகிக்கொண்டார் என்று பின்னர் தெரிந்தது.

எதிராளி பணம் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. ஆனால் பதினோராவது பக்கம் வரை அந்த வீடு இந்த வழக்கைத் தன் சொந்தக் கூலியில் நடத்தியிருக்கிறது. இதை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்ல எங்களிடம் பதில் இருந்தது. அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதற்கான விதிகள் 1995-ல் வந்தன. அந்த விதிகளில் 11-வது விதி இதைத்தான் பேசுகிறது. பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சிகள் ஆகியோருக்கு விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வரும் பயணச் செலவைக் கொடுக்க வேண்டும். ரயிலோ பேருந்தோ, உண்மையில் ஆன செலவு. பெண்கள், சிறுவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். துணைக்கு வருபவருக்கும் அதே செலவைக் கொடுக்க வேண்டும். வீட்டைவிட்டு வந்த ஒவ்வொரு நாளுக்கும் விவசாயக் கூலிகளுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படி உண்டு. சாப்பாட்டுச் செலவு தனி. இவை எல்லாவற்றையும் உடனடியாக, அல்லது அதிகபட்சம் 3 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரோ, கோட்டாட்சியரோ, வேறு நிர்வாக நடுவரோ கொடுத்துவிட வேண்டும்.

2015-ல் சட்டத்தைத் திருத்தியபோது இதை இன்னும் உறுதியாக்கினார்கள். பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைகளைச் சொல்லும் 15ஏ பிரிவில், புலன்விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் தர வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. அதாவது அந்த நோட்டில் அந்தப் பிள்ளை எழுதியிருந்த பெரும்பாலான வரிகளுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. சின்னம்மாவின் கூலிக்குக்கூட இருக்கிறது.

நாங்கள் பல வருடங்களாகச் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துகிறவர்கள். 3-வது பிரிவில் எத்தனை குற்றங்கள் என்று கேட்டால் வரிசையாக ஒப்பிப்போம். கடமை தவறும் அரசு ஊழியர் மீது 4-வது பிரிவு என்று மேடையில் முழங்குவோம். 11-வது விதியை எந்த முகாமிலும் நாங்கள் வாசித்ததில்லை. போராட்டம், கைது, தண்டனை என்ற சொற்களுக்கு நடுவில் பஸ் காசு எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பஸ் காசு சின்ன விஷயமாகத் தெரிவது யாருக்கு என்று யோசித்தால், அது பையில் எப்போதும் பஸ் காசு இருப்பவருக்குத்தான்.

அதன் பிறகு எங்கள் முகாம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். நாங்களும் திட்டம் போட்டுத்தான் வேலை செய்கிறோம். இத்தனை முகாம், இத்தனை பேர் வருகை, இத்தனை துண்டறிக்கை. முகாம் நடந்த நேரம் பெரும்பாலும் சனிக்கிழமை காலை 11 மணி. இடம் செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மண்டபம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அல்லது மகளிர் குழுத் தலைவிகள். களையெடுப்பும் நடவும் நடக்கும் மாதத்தில் காலை 11 மணிக்குக் கூலிப் பெண்கள் எங்கே இருப்பார்கள்? வயலில் இருப்பார்கள். யாருக்காக முகாம் நடத்தினோமோ அவர்கள் வர முடியாத நேரத்தை நாங்களே தேர்ந்தெடுத்திருக்கிறோம். பதிவேட்டில் எண்ணிக்கை சரியாக இருந்ததால் எங்களுக்கு இது தெரியவே இல்லை.

அடுத்த முகாமைக் காலனியிலேயே, ராத்திரி எட்டு மணிக்கு, மாரியம்மன் கோயில் திண்ணையில் வைத்தோம். சமைத்து முடித்துப் பாத்திரம் கழுவிவிட்டுப் பெண்கள் வந்தார்கள். நாங்கள் பேசி முடித்ததும் ஓர் ஆயா கேட்டார்: "நீங்க சட்டத்த நல்லா சொல்றீங்க கண்ணு. அங்க போய்ச் சேர்ற வழிய யாரு சொல்லுவா?"

அந்த வழியை அவர்களிடமே கேட்டோம். கோலமாவில் தரையில் வரையச் சொன்னோம். வீட்டிலிருந்து காவல் நிலையம், அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், நீதிமன்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. எங்கே நிற்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எங்கே பயம். ஒரு மணி நேரத்தில் திண்ணைக்கு முன்னால் முழுத் தெருவும் கோடாகிவிட்டது.

அதில் நாங்கள் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம். காலனியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக ஒரே பாதைதான். அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. யார் மீது புகார் கொடுக்கப் போகிறாரோ அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஒரு பெண் புகார் கொடுக்கப் போக வேண்டும். ஏரிக்கரை ஓரமாக இன்னொரு பாதை இருக்கிறது. மழைக்காலத்தில் சேறு. விளக்கு கிடையாது. ஆறரை மணிக்கு மேல் அந்தப் பக்கம் பெண்கள் போக மாட்டார்கள். சாயங்காலப் பேருந்தைத் தவறவிட்டால் செஞ்சியிலிருந்து திரும்ப ஷேர் ஆட்டோதான். ஆட்டோ ஓட்டுகிறவர் ஊர்த்தெருக்காரர். காவல் நிலையத்தில் புகாரை எழுதித் தரும் இடத்தில் ஆண்கள் கூட்டமாக நிற்பார்கள். உடம்பில் எங்கே கை வைத்தான் என்பதை அவர்கள் காதுபடச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வர ஆள் கிடையாது. சாதிச் சான்றிதழைக் கேட்டால் அது யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். இதில் சட்டத்தைத் திருத்தித் தீர்க்க வேண்டியது எது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. பாதை, தெருவிளக்கு, பேருந்து நேரம், குழந்தைகள் மையம், உட்கார ஓர் அறை. எல்லாமே வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் அரசு அன்றாடம் செய்கிற வேலைகள். ஏரிக்கரைப் பாதைக்கு நாலு விளக்குப் போட்டால், குற்றவாளி வீட்டு வாசலைத் தாண்டாமல் ஒரு பெண் காவல் நிலையம் போய்ச் சேர முடியும். அந்த நாலு விளக்கை எந்த அதிகாரியும் நீதித் திட்டம் என்று எழுத மாட்டார். நாமும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை.

பாதையைத் திட்டமிட நம் ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். 2025 ஜூலையில் மராத்தியர்களின் ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில். ஒன்று நம் செஞ்சி. எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ராஜகிரி மீது கல் சுமந்து ஏற்றியவர்களின் சாதி எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே மகிழ்ந்தோம். அறிவிப்பு வந்த அன்றிலிருந்து டீக்கடையில்கூடப் பேச்சு இதுதான்: வருகிறவர்கள் எங்கே இறங்குவார்கள், வண்டியை எங்கே நிறுத்துவார்கள், கழிவறை எங்கே, உட்கார நிழல் எங்கே, வழிகாட்டிப் பலகை எத்தனை மொழியில். ஒரு வெளியூர்க்காரர் பேருந்தைவிட்டு இறங்கியதிலிருந்து மலை உச்சி வரை அவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று படிப்படியாக யோசிக்கிறார்கள். நல்லது, அப்படித்தான் யோசிக்க வேண்டும். அதே போல, அடிபட்ட ஒரு பெண் காலனியைவிட்டுக் கிளம்பியதிலிருந்து தீர்ப்பு வாங்கும் வரை என்னென்ன தேவைப்படும் என்று யாராவது ஒருமுறை யோசித்திருக்கிறார்களா?

யோசிக்கச் சொல்லி அரசியலமைப்பே சொல்கிறது. 73-வது திருத்தம் சேர்த்த 243ஜி பிரிவைப் படித்துப் பாருங்கள். பொருளாதார மேம்பாட்டுக்கும் சமூக நீதிக்கும் திட்டங்கள் தயாரிக்கும் அதிகாரத்தை மாநிலங்கள் ஊராட்சிகளுக்கு அளிக்கலாம் என்கிறது. மேம்பாடும் சமூக நீதியும் அங்கே ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. பதினோராவது அட்டவணையில் உள்ள 29 துறைகளில் பெண்கள், குழந்தைகள் மேம்பாடும் உண்டு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனும் உண்டு. ஆனால் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை எடுத்துப் பார்த்தால் சிமெண்ட் சாலை, கால்வாய், மேல்நிலைத் தொட்டி. வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்கள்.

அடுத்த கிராம சபைக்கு அந்தக் கோலமாவுக் கோடுகளை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போனோம். பெண்களே போனார்கள், நாங்கள் பின்னால் நின்றோம். போகும் முன் ஒரு தயக்கம் இருந்தது. 2020-ல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் எல்லோருடைய நினைவிலும் இருந்தது. தலைவருக்கே அந்தக் கதி என்றால் கூலிப் பெண்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று கேட்டார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு என்று தமிழ்நாடு 2016-ல் சட்டம் இயற்றியது. இடம் சட்டத்தால் கிடைத்தது. நாற்காலி இன்னும் பல ஊர்களில் போராடித்தான் கிடைக்கிறது.

ஐந்து கோரிக்கைகள் வைத்தோம். ஏரிக்கரைப் பாதைக்கு விளக்கு. அந்தப் பாதையைச் செப்பனிடுவது. மாதம் இரண்டு மாலை, ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, சட்டப்பணிகள் குழுவின் தன்னார்வலர் வந்து உட்கார. கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற மாதிரி குழந்தைகள் மையத்தின் நேரத்தை நீட்டக் கேட்டு ஒரு தீர்மானம். வன்கொடுமை வழக்குகளில் 11-வது விதிப்படியான தொகையைத் தாமதமின்றிக் கொடுக்கக் கேட்டு இன்னொரு தீர்மானம்.

"இதுல பாதிக்கு ஹெட் இல்லீங்களே" என்றார் அங்கிருந்த ஓர் அலுவலர். அதாவது செலவுத் தலைப்பு இல்லை. அவர் கெட்டவர் அல்ல. உண்மையைத்தான் சொன்னார். சாலைக்குத் தலைப்பு இருக்கிறது. சாட்சி சொல்லப் போகிற பெண்ணுக்குத் தலைப்பு இல்லை. அன்று விளக்கும் அறையும் தீர்மானமாயின. பாதை "பரிசீலனைக்கு" என்று எழுதப்பட்டது. மற்ற இரண்டையும் பதிவேட்டில் ஏற்ற ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. ஏற்றிவிட்டுத்தான் பெண்கள் எழுந்தார்கள்.

தலைப்பு இல்லை என்பது முழு உண்மையும் அல்ல. வன்கொடுமை தடுப்பு விதிகளில் 14-வது விதி, பாதிக்கப்பட்டோரின் நிவாரணத்துக்கும் மறுவாழ்வுக்கும் மாநில அரசு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது. 15-வது விதி, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமாக வகுத்து வைக்கச் சொல்கிறது. 1979-80-லிருந்து சிறப்பு உட்கூறு திட்டம் என்றும், பிறகு துணைத்திட்டம் என்றும், நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைத் திட்ட நிதியில் ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. 2024-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நாம் சுமார் 29 விழுக்காடு. அந்த நிதியில் ஒரு சிறு துளி, நீதிமன்றத்துக்குப் போகும் வழிக்காகத் திட்டமிடப்படக் கூடாதா?

திட்டமிட்டால் மாற்றம் வரும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது நீதிக்காகப் போட்ட திட்டம் அல்ல. ஆனாலும் அதன் பிறகுதான் பல பெண்கள் புருஷனிடம் காசு கேட்காமல் செஞ்சிக்கு வந்து மனு கொடுக்கிறார்கள். இதை நாங்கள் மனு எழுதித் தரும் மேசையிலேயே பார்க்கிறோம். ஆனால் அந்த இலவசம் நகரப் பேருந்தோடு முடிகிறது. செஞ்சியிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போகும் வெளியூர்ப் பேருந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். வன்கொடுமை வழக்கை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் தாலுகாவில் இருப்பதில்லை. மனு கொடுக்கிற வரைக்கும் இலவசம், சாட்சி சொல்லக் காசு என்று ஆகிவிடுகிறது.

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, உள்ளாட்சித் திட்ட நிதியில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பெண்களுக்கான கூறாக ஒதுக்கச் சொன்னார்கள். பெண்கள் மீதான வன்முறையைக் கவனிக்க ஜாக்ரதா சமிதி என்ற குழுக்களும் ஊராட்சி அளவில் வந்தன. எல்லா இடத்திலும் அவை நன்றாக நடந்தன என்று நாங்கள் சொல்லவில்லை. வன்முறையும் திட்டக் கூட்டத்தில் பேச வேண்டிய பொருள் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வளர்ச்சித் திட்டத்தைக் காட்டி வழக்கை மூடும் பழக்கம் நம் அதிகாரிகளுக்கு உண்டு. "கேசை விடும்மா, பட்டா வாங்கித் தர்றோம், மாட்டு லோன் போடுறோம்" என்று சொல்வதை நாங்கள் காதால் கேட்டிருக்கிறோம். தீருதவித் தொகை சமரசத்துக்கான விலை அல்ல. பாதை, விளக்கு, பஸ் காசு எல்லாம் பெண்ணை நீதிமன்றம் வரை கொண்டுபோகத்தான். வீட்டிலேயே உட்கார வைக்க அல்ல.

இரண்டும் ஒன்றாக வர முடியும் என்பதற்கு வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20-ல் அந்தப் பழங்குடி கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய வெறியாட்டத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, வேலை அல்லது சுயதொழில், அந்தக் கிராமத்தின் வாழ்வாதாரத்துக்கு அரசு எடுத்த நடவடிக்கைகள் பற்றிய அறிக்கை, எல்லாவற்றையும் அதே தீர்ப்பில் கேட்டது. அதற்கு 31 வருடம் ஆனது. அத்தனை வருடமும் அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்புக்கும் சாட்சிக்கும் வந்து நின்றார்கள். கட்சியும் சங்கங்களும் வழக்கறிஞர்களும் கூட நின்றார்கள். கூட நிற்பதும் ஒரு வேலைத்திட்டம்தான் என்பதை அங்கிருந்து நாம் கற்க வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களே, களத்துக்கு வரும் தம்பி தங்கைகளே, நாங்கள் தாமதமாகக் கற்றதை நீங்கள் முதல் நாளிலேயே செய்யலாம். வழக்குப் பதிவான அன்றே ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பயணத்தையும், துணைக்கு வந்தவரையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் 11-வது விதியைக் குறிப்பிட்டுக் கோட்டாட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது 17-வது விதி. அந்தக் கூட்டம் எப்போது நடந்தது, பயணப்படியாக எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிராம சபைக்குக் கோரிக்கை எழுதும்போது, இந்தப் பாதை எந்தப் பெண் எங்கே போவதற்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் கூட்டத்தின் நேரத்தை முடிவு செய்யும் முன், யார் சமைத்து முடித்துவிட்டு வர வேண்டும் என்று யோசியுங்கள்.

அந்த அக்காவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். அவருடைய வழக்கு முடிந்துவிட்டது. அது திரும்ப வராது. அந்த நிலத்துக்காரர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். இதை எந்த நல்ல செய்தியாலும் மூடி மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

போன மாதம் பக்கத்து ஊரில் இன்னொரு பெண்ணின் வழக்கு முதல் விசாரணைக்கு வந்தது. துணைக்கு யார் வருவார் என்று கேட்டபோது அக்கா தானாகவே எழுந்தார். அன்று இரண்டு பேருக்கும் பயணப்படி கேட்டு மனு கொடுத்தோம். "இப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார்கள். விதியின் நகலைக் காட்டினோம். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். இதை எழுதும் வரை காசு வரவில்லை. மூன்று நாள் எப்போதோ தாண்டிவிட்டது. அடுத்த வாரம் மேல்முறையீட்டு மனு கொடுக்கப் போகிறோம்.

திரும்பி வரும்போது செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும், எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் டிக்கெட்டைக் கசக்கி எறியப் போனார். அக்காவின் மகளும் அன்று வந்திருந்தாள். "அண்ணா, டிக்கெட்டப் போடாதீங்க" என்று கையிலிருந்து வாங்கி, நோட்டில் பன்னிரண்டாவது பக்கத்தில் வைத்து மூடினாள்.